குடுவைச் செடி: தோற்றமும் பிறந்த மண்ணும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு மேலே, சாய்வுக் கூரையின் அடியில் ஒரு குடுவைச் செடி தொங்குகிறது. தெருப் பிள்ளைகள் முதல் தண்ணீர் கேன் போட வரும் தம்பி வரை, அதைப் பார்த்தவர்கள் ஏதாவது கேட்காமல் படி இறங்குவதில்லை. அவர்கள் கேட்டவற்றையும், பள்ளிப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவற்றையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். குடுவைச் செடி என்று நான் சொல்வது நெபந்தஸ் என்னும் பேரினத்தைத்தான். வேறு குடுவைச் செடிகளும் உலகில் உண்டு. அவற்றுக்குத் தனியே ஒரு கேள்வி இருக்கிறது.

அந்தக் குடுவை பூவா, காயா?

இரண்டும் இல்லை, இலை. நாம் பார்த்தவுடன் இலை என்று நினைக்கிற பச்சைப் பட்டை, தாவரவியல் கணக்கில் இலையின் அடிப்பகுதி விரிந்து அகன்றது. அதன் நடுநரம்பு நுனியோடு நின்றுவிடாமல் நீண்டு ஒரு பற்றுக்கம்பி ஆகிறது. அந்தக் கம்பியின் முனை கீழே தொங்கி, பிறகு மேல்நோக்கி வளைந்து குடுவையாகப் பருக்கிறது. உண்மையான இலைத்தாள் இந்தக் குடுவைதான். அதன் வாய்க்கு மேலே குடை பிடித்தாற்போல நிற்கும் மூடி, இலையின் நுனி.

ஆக, ஒரே இலை மூன்று வேலை பார்க்கிறது. பச்சைப் பட்டை வெயிலில் உணவு சமைக்கிறது. கம்பி பக்கத்துச் செடியைப் பற்றி ஏறுகிறது. குடுவை பூச்சி பிடிக்கிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இதை இலையின் உருமாற்றம் என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஒரே ஒரு முறை செடியைக் கையில் பிடித்து, பட்டையிலிருந்து கம்பி வழியாக மூடி வரை விரலை நகர்த்திப் பார்த்தால் மனப்பாடம் தேவைப்படாது. நரம்பு எங்கும் அறுபடாமல் ஓடுவது விரலுக்கே தெரியும்.

குடுவை எப்படி வளர்கிறது? முதலிலேயே திறந்திருக்குமா?

திறந்திருக்காது. இதைத்தான் பிள்ளைகள் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். முதலில் கம்பியின் முனையில் ஒரு சிறு மொக்கு தெரியும். அதன்மேல் துருநிறத்தில் மெல்லிய முடி படர்ந்திருக்கும். வாரக்கணக்கில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. பிறகு மொக்கு தட்டையாக நீளும், முனை மேல்நோக்கி வளையும். அதன்பின் காற்று நிரம்பியது போல மளமளவென்று உப்பும். அந்த நிலையில் மூடி வாயோடு ஒட்டி இறுக மூடியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே பாதி அளவுக்கு நீர் இருப்பது தெரியும்.

அந்த நீர் மழைநீர் என்று பலர் நினைக்கிறார்கள். குடுவை திறக்கும் முன்பே செடி தானே சுரந்து வைத்த நீர் அது. ஒருநாள் காலையில் மூடியின் ஒரு பக்கம் விடுபட்டு லேசாக எழும். அப்போது வாயின் விளிம்பு வெளிறிய பச்சையில் மெலிந்து கிடக்கும். அடுத்த சில நாட்களில் அந்த விளிம்பு வெளிப்பக்கமாகச் சுருண்டு தடித்துப் பளபளப்பேறும், சிவப்பும் ஏறும். விளிம்பு முழுமையாகச் சுருண்ட பிறகுதான் குடுவை வேலைக்குத் தயார்.

திறக்காத குடுவைக்குள் இருக்கும் காற்றிலும் ஒரு செய்தி இருக்கிறது. கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, அதில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு இருப்பதாக 2017-இல் வெளியிட்டார்கள். அதே பூங்காவின் ஆய்வாளர்கள் 2013-இல், குடுவையின் விளிம்பு புறஊதா ஒளியில் நீல நிறமாக ஒளிர்வதையும் காட்டினார்கள். சாதாரண வெளிச்சத்தில் நம் கண்ணுக்குப் புலப்படாத அந்த நீல வளையம் பூச்சியின் கண்ணுக்குத் தெரியக்கூடியது.

ஒரே செடியில் இரண்டு விதமான குடுவைகள் இருக்கின்றனவே, ஒட்டுச் செடியா?

ஒட்டு இல்லை, ஒரே செடிதான். இளஞ்செடி தரையோடு இருக்கும்போது வரும் குடுவைகள் குட்டையாக, அடிவயிறு பருத்திருக்கும்; முன்பக்கம் இரண்டு சிறகுகள் முடிமுடியாக மேலேறும். தரையில் ஊர்கிற எறும்புக்கு அவை ஏணிப்படி. செடி வளர்ந்து கொடியாக மேலே ஏறிய பின் வரும் குடுவைகள் நீண்டு, புனல் வடிவில், சிறகு தேய்ந்து அல்லது இல்லாமலே இருக்கும். கம்பி குடுவையின் பின்பக்கமாகச் சேரும். வழியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கிளையையும் பிடித்துக்கொள்ளும். மேலே பறக்கும் பூச்சிகள் அதிகம் வருவதால் அங்கே ஏணி தேவைப்படவில்லை.

உள்ளே விழுந்த எறும்பு ஏன் ஏறி வர முடிவதில்லை? சுவரில் ஏறுகிற ஜீவன்தானே?

நல்ல கேள்வி. இந்தச் செடியின் வேலைத்திறன் முழுவதும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

மூடியின் அடிப்பக்கத்திலும் வாய் விளிம்பிலும் தேன் சுரக்கிறது. எறும்பு அதற்காகத்தான் வருகிறது. விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பேன் சீப்பின் பற்கள் போல நெருக்கமான வரிகள் உள்நோக்கி இறங்குவது தெரியும். மழையோ பனியோ பட்டால், அல்லது காற்றில் ஈரம் மிகுந்தால், அந்த வரிகளில் நீர் ஒரே சீரான படலமாகப் பரவிவிடும். உலர்ந்திருக்கும்போது எறும்பு நிம்மதியாக நடந்து தேன் குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறது, கூட்டாளிகளையும் அழைத்து வருகிறது. ஈரமானதும் அதே இடத்தில் கால் நிற்பதில்லை. நீர்ப்படலத்தின் மேல் சறுக்கி எறும்புகள் கொத்தாக உள்ளே விழுகின்றன. 2004-இல் இதைச் சோதனையில் காட்டினார்கள்.

விளிம்புக்குக் கீழே உட்சுவரின் மேல்பாதி மெழுகுப் பூச்சு. பல இனங்களில் அந்த மெழுகு நுண்ணிய படிகங்களாக உதிர்ந்து பூச்சியின் பாதத்தில் ஒட்டி, பிடிமானத்தைக் கெடுத்துவிடுகிறது. அங்குள்ள செல்களும் பிறை வடிவில் கீழ்நோக்கியே இருப்பதால் இறங்க வசதி, ஏற வழியில்லை. அதற்கும் கீழே பளபளப்பான சுரப்பிப் பகுதி. புரதத்தைச் செரிக்கும் நெபந்தசின் என்ற நொதியும், பூச்சியின் ஓடான கைட்டினைச் சிதைக்கும் நொதியும் அங்கிருந்துதான் வருகின்றன. நீரும் அமிலமாக மாறுகிறது. சில இனங்களின் நீர் இழைபோல இழுபடும் பிசுபிசுப்பு உடையது. விழுந்த ஈ சிறகடித்து மேலெழ முடியாது.

காய்ந்துபோன குடுவை ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். அடியில் இரண்டு விரற்கடை அளவுக்குக் கறுத்த வண்டல். குச்சியால் பிரித்தால் எறும்புத் தலைகள், ஒரு சிறு கரப்பானின் முன்சிறகு, ஈயின் கண்ணாடிச் சிறகு, வண்டின் கால் ஒன்று. சதை எதுவும் இல்லை. எல்லாம் வெறும் கூடு. அந்த வண்டலில் பெரும்பங்கு எறும்புதான். காட்டிலும் நெபந்தஸ் இனங்கள் பலவற்றின் முதன்மையான இரை எறும்பே.

பூச்சி விழுந்ததும் மூடி சட்டென்று மூடிக்கொள்ளுமா?

மூடாது. ஒருமுறை திறந்த மூடி திரும்ப மூடுவதே இல்லை. சினிமாவிலும் கார்ட்டூனிலும் காட்டுவது வீனஸ் பூச்சிப்பிடிப்பானின் வித்தையைக் கூட்டிச் சொல்வது. அது அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களைச் சேர்ந்த வேறு செடி. குடுவையின் மூடிக்கு இருக்கிற வேலை, கொட்டுகிற மழை உள்ளே புகுந்து செரிமான நீரை நீர்க்கச் செய்துவிடாமல் காப்பதும், தேன் காட்டி அழைப்பதும்.

எலியைத் தின்னுமாமே? குழந்தைகள் இருக்கிற வீட்டில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். விரலை உள்ளே விட்டால் ஈரமாகும், அவ்வளவுதான், கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எலிக் கதையில் ஒரு துளி உண்மை உண்டு. மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாலு மலையிலும் அதன் பக்கத்து மலையிலும் மட்டும் வளரும் நெபந்தஸ் ராஜா என்னும் இனத்தின் குடுவை 40 சென்டிமீட்டர் உயரம் வரை வளரும். மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில் எலி மூழ்கிக் கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். அது தற்செயல், செடி எலிக்காக அமைந்ததில்லை.

இதன் சொந்த ஊர் எது?

நெபந்தஸ் பேரினத்தில் 170க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மேற்கே மடகாஸ்கர், செஷல்ஸ் தீவுகளில் தொடங்கி, இலங்கை, வடகிழக்கு இந்தியா, தென்கிழக்கு ஆசியா வழியாகக் கிழக்கே நியூ கலிடோனியா வரையும் தெற்கே ஆஸ்திரேலியாவின் வடமுனை வரையும் பரவியிருக்கின்றன. போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் ஆகியவைதான் இதன் செழிப்பான தாய்வீடு. நமக்குக் கடல் தாண்டி அருகில் இருப்பது இலங்கையின் நெபந்தஸ் டிஸ்டிலடோரியா. அந்தத் தீவின் தென்மேற்கு ஈரமண்டலத்துக்கு மட்டுமே உரியது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இந்தப் பேரினத்தில் பெயரிட்ட இனம் அதுதான்.

இந்தியாவில் இயற்கையாக வளர்வது ஒரே ஓர் இனம்: நெபந்தஸ் காசியானா. 1873-இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் இந்தப் பெயரைச் சூட்டினார். மேகாலயாவின் காசி, ஜைந்தியா, காரோ மலைகளில் வளர்கிறது. ஜைந்தியா மலையில் ஜரைன், தெற்கு காரோ மலையில் பாக்மரா ஆகிய இடங்கள் இதற்குப் பேர்போனவை. கொடி பல மீட்டர் நீளம் ஏறும். குடுவை பச்சையில் சிவப்புச் சாயம் ஓட, ஒரு சாண் வரை வளரும். மூடி முட்டை வடிவம். காரோ மொழியில் இதற்கு மேமாங் கொக்சி என்று பெயர்.

அங்கே வளர்கிற செடி ஏன் நம் ஊரில் தானாக முளைப்பதில்லை?

இந்தச் செடியைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் மேகாலயாவின் மழையையும் மண்ணையும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். தோற்றம் முழுவதும் அங்கிருந்து வந்தது.

காசி மலையின் சிரபுஞ்சி, மௌசின்ராம் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினோராயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை. சென்னையின் ஆண்டுச் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவுதான். அத்தனை மழை ஒரு மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விழுந்தால் என்ன மிஞ்சும்? நைட்ரஜனும் மற்றச் சத்துகளும் நீரோடு கரைந்து பள்ளத்தாக்குக்குப் போய்விடுகின்றன. மிஞ்சுவது புளிப்பேறிய, சத்தில்லாத செம்மண்ணும் பாறையும். வேரை மட்டும் நம்பிய செடிகள் அங்கே தடுமாறுகின்றன. குடுவைச் செடி, வேரால் கிடைக்காததை இலையால் பிடிக்கிறது. வெயிலும் ஈரமும் தாராளம், மண்ணில் மட்டும் வறுமை என்ற இடத்தில்தான் இந்த ஏற்பாடு லாபகரமானது.

நிலம் சத்தானதாக இருந்தால் இந்தச் செடி தோற்றுப்போகும். குடுவை செய்ய நிறையச் செலவாகிறது. அதே செலவில் பக்கத்துச் செடி நான்கு அகன்ற இலை விட்டு வெயிலை மறைத்துவிடும். நம் ஊர்க் களிமண்ணில், குப்பைமேனியும் நாயுருவியும் போட்டி போடுகிற இடத்தில், இதற்கு இடமே கிடைக்காது. நம் கோடையின் வறண்ட காற்றும் ஒத்துவராது.

அப்படியானால் பூச்சிதான் அதன் உணவா?

உணவு வெயிலிலிருந்து வருகிறது. மற்றப் பச்சைச் செடிகளைப் போல ஒளிச்சேர்க்கைதான். பூச்சியிலிருந்து வருவது நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துகள். நாம் மண்ணில் போடும் உரத்தின் இடத்தில் அங்கே பூச்சி இருக்கிறது. பூச்சியே விழாவிட்டாலும் செடி உடனே செத்துவிடாது, மெதுவாக மெலியும்.

எல்லாக் குடுவைச் செடியும் பூச்சியைத்தான் நம்பியிருக்கிறதா?

இல்லை. போர்னியோவின் மலைகளில் பூச்சி குறைந்த உயரத்தில் வளரும் நெபந்தஸ் லோவியின் மேல் குடுவைகள் பூச்சி பிடிப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. அகன்ற வாய், பின்னோக்கிச் சாய்ந்த மூடி, மூடியின் அடியில் தடித்த இனிப்புச் சுரப்பு. மலையில் வாழும் மூஞ்சூறு போன்ற சிறு விலங்கு ஒன்று குடுவையின் மேல் ஏறி உட்கார்ந்து மூடியை நக்கும், நக்கிக்கொண்டே எச்சமிடும். எச்சம் குடுவைக்குள் விழும். செடிக்கு வேண்டிய நைட்ரஜன் அதிலிருந்து வருகிறது என்று 2009-இல் கண்டறிந்தார்கள். அதே தீவில் நெபந்தஸ் ஹெம்ஸ்லியானாவின் நீண்ட குடுவைக்குள் சிறிய வௌவால்கள் பகலில் தூங்குகின்றன. வாடகையாக எச்சம் தருகின்றன. நெபந்தஸ் ஆம்புலேரியாவின் குடுவைகள் காட்டுத் தரையில் வாயைப் பிளந்து கிடக்கும், மூடி ஒதுங்கியிருக்கும். மேலிருந்து உதிரும் சருகிலிருந்தும் அதற்குக் கணிசமான சத்து கிடைக்கிறது. 2022-இல் விவரிக்கப்பட்ட நெபந்தஸ் புடிகா, குடுவைகளை மண்ணுக்கு அடியில் வைத்துக்கொண்டு அங்குள்ள சிற்றுயிர்களைப் பிடிக்கிறது.

எங்கே எது கிடைக்கிறதோ அதற்கேற்ப வாயும் மூடியும் விளிம்பும் மாறியிருக்கின்றன. எந்தக் குடுவையின் படத்தைப் பார்த்தாலும், இது எந்த மலையில் எந்த உயரத்தில் வளர்வது என்று ஒரு வரி தேடிப் படியுங்கள். படம் தானாகப் பேசத் தொடங்கும்.

கொசுத் தொல்லை தீருமா?

இதைக் கேட்காதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. ஓட்டேரி நல்லாவும் பக்கிங்ஹாம் கால்வாயும் ஓடுகிற பகுதியில் மாலை ஆனால் கதவைச் சாத்துகிறவர்கள் நாம், கேட்பது நியாயம். தீராது என்பதே உண்மையான பதில். கொசு எப்போதாவது விழும். ஆனால் அது தேடி வருவது நம் உடம்பின் வெப்பத்தையும் மூச்சையும் வாடையையும். ஒரு செடியின் தேன் அதைத் திசைதிருப்பிவிடாது. கொசுவத்திக்குப் பதிலாக இந்தச் செடியை வாங்கச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கக் கேள்வியும் வரும்: குடுவை நீரில் கொசு முட்டையிட்டு டெங்கு பரவுமா? காட்டில் குடுவை நீரிலேயே வாழப் பழகிய கொசுப்புழு இனங்கள் உண்டு; அவை இந்தச் செடிகளோடு நெடுங்காலமாக வாழ்கிறவை. வீட்டில் கவனிக்க வேண்டியது தொட்டியின் கீழே வைக்கும் தட்டு. அதில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு சுகமாக முட்டையிடும். மாநகராட்சி ஊழியர் வந்து சொல்லும் முன் நாமே அதை வாரம் இருமுறை கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும். நான் தட்டே வைப்பதில்லை, தொங்கவிட்டுவிட்டேன்.

வடசென்னை வீட்டில் வளர்க்க முடியுமா?

சரியான வகையைத் தேர்ந்தால் முடியும். மலை உச்சியில் வளர்வதற்கு இரவில் குளிர் வேண்டும். நம் மே மாத இரவு அதைக் கொன்றுவிடும். தாழ்நில வகைகளும், வென்ட்ராட்டா போன்ற தாங்குதிறன் உள்ள கலப்பினங்களும் பிழைக்கும். வென்ட்ராட்டாவின் பெற்றோர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவை. குடுவை நடுவில் இடுப்பு ஒடுங்கிச் சிவந்திருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது அதுதான்.

கடலுக்கு அருகில் இருப்பதால் காற்றில் ஈரம் நமக்கு ஒரு வரம். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் உப்புக்காற்று நேரே அறையாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் நல்லது. பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் நிழல் வலை கட்டாயம். அக்னி நட்சத்திர நாட்களில் மேற்குப் பார்த்த சுவரின் பக்கமே வைக்காதீர்கள். சுவர் இரவு வரை வெப்பம் கக்கும். அந்த நாட்களில் புதுக் குடுவை வருவது நின்றுபோகலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஒவ்வோர் இலை நுனியிலும் மொக்கு கட்டும்.

என்ன மண், என்ன தண்ணீர்?

செம்மண், தொழுவுரம், மண்புழு உரம் மூன்றும் வேண்டாம். அன்போடு போட்ட சாணமே இதற்கு எமன். வறிய மண்ணுக்குப் பழகிய வேர் சத்து மிகுந்தால் கருகிவிடும். தேங்காய் மட்டைத் துண்டும், பெர்லைட் என்னும் இலகுவான வெள்ளைக் கல்பொரியும் சேர்ந்த கலவை போதும். ஸ்பேக்னம் பாசி கிடைத்தால் நல்லது. கோகோபீட் எனப்படும் தென்னை நார்த்தூள் கட்டியை அப்படியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கலாம். பல தண்ணீர் மாற்றி அலசி, பிழிந்த பின் பயன்படுத்துங்கள்.

தண்ணீர்தான் நம் பகுதியில் பெரிய சிக்கல். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்ட விஷயம். நம் தெருக்களிலும் போர் தண்ணீரை வாயில் வைத்தால் கரிப்பு தெரியும் இடங்கள் பல. குடிநீருக்கு ஏற்ற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் என்கிறார்கள். இந்தச் செடிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் நிம்மதி. மழைநீரைப் பிடித்து மூடிய டிரம்மில் வையுங்கள். அதற்கு ஈடு எதுவும் இல்லை. மழை இல்லாத மாதங்களில் ஆர்ஓ இயந்திரத்தின் நல்ல நீர். அந்த இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் இதற்கு ஊற்றாதீர்கள்; உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வேர் ஈரமாகவே இருக்கட்டும், நீரில் ஊறி நிற்கக் கூடாது.

நாமே பூச்சி பிடித்துப் போடலாமா? கறித்துண்டு?

கறி, முட்டை, பால் எதுவும் வேண்டாம். செரிக்காமல் அழுகி, குடுவையே கறுத்துவிடும். மாடியில் இருக்கும் செடிக்கு எறும்பு தானாக வரும். வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் எப்போதாவது ஓர் எறும்பையோ சிறு பூச்சியையோ போடலாம். மருந்தடித்துச் செத்த கரப்பானைப் போடக் கூடாது. குடுவையின் நீரைக் கொட்டிவிட்டுக் குழாய் நீரை நிரப்புவதும் தவறு. அதில் இருந்த நொதி எல்லாம் போய்விடும்.

குடுவை ஓரம் காய்கிறது. செடி சாகிறதா?

சில மாதங்கள் உழைத்த குடுவை மூடியிலிருந்து கீழ்நோக்கிக் காய்வது இயல்பு. பச்சைப் பட்டை நன்றாக இருந்தால் கவலை வேண்டாம். காய்ந்த பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள். புதுக் குடுவையே வரவில்லை என்றால் வெளிச்சக் குறைவு, வறண்ட காற்று, உரம் – இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். உரம் கிடைத்துவிட்ட செடி குடுவை செய்ய மெனக்கெடுவதில்லை.

பூ பூக்குமா?

பூக்கும். இதழ் இல்லாத சின்னஞ்சிறு பூக்கள் ஒரு நீண்ட தண்டில் வரிசையாக வரும். ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. அதனால் ஒற்றைச் செடி வைத்திருப்பவருக்கு விதை கிடைக்காது. விதை இரு முனையும் நூலாக நீண்டு காற்றில் மிதக்கும்படி இருக்கும். வீட்டில் பெருக்கத் தண்டுத் துண்டு நடுவதே வழி.

வேறு குடுவைச் செடிகள் என்றீர்களே?

வட அமெரிக்காவின் சதுப்புகளில் சரசீனியா. இதில் தொங்கும் கம்பி இல்லை. தரையிலிருந்தே இலை குழாயாக எழும். கனடாவின் நியூபவுண்ட்லாந்து-லாப்ரடார் மாகாணத்தின் அடையாள மலர் இந்த வகையைச் சேர்ந்தது. கலிபோர்னியா, ஓரிகான் பகுதியில் டார்லிங்டோனியா. குழாயின் தலை கவிந்து படமெடுத்த பாம்பு போல இருக்கும். வெனிசுலா பக்கத்து மேசை மலைகளில் ஹீலியாம்ஃபோரா. ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் செபலோட்டஸ். அமெரிக்கக் கண்டத்து மூன்றும் ஒரே குடும்பம். நெபந்தஸ் தனி, செபலோட்டஸ் தனி. உறவில்லாத செடிகள் தனித்தனியே குடுவையைக் கண்டடைந்திருக்கின்றன. எல்லாமே சத்துக் குறைந்த மண்ணில் வளர்கிறவை.

தமிழ்நாட்டில் பூச்சியுண்ணும் செடியே இல்லையா?

உண்டு, குடுவைதான் இல்லை. நம் குளம் குட்டைகளிலும் நெல்வயல்களிலும் யூட்ரிகுலேரியா மிதக்கிறது. மஞ்சள் பூ மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். கீழே இழை இழையான இலைகளில் கடுகளவுச் சிறிய பைகள். நீர்ப்பூச்சி தொட்டதும், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் பை அதை உறிஞ்சிவிடும். மழைக்குப் பின் ஈரமான திறந்த வெளிகளில், இலையின் பசைத்துளிகளால் பூச்சி பிடிக்கும் டிரோசெரா பர்மானி தரையோடு ஒட்டிச் சிவப்பு வட்டமாகக் கிடக்கும். நீலகிரி, கொடைக்கானல் புல்வெளிகளில் அதன் உறவினம் ஒன்று. பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறவர்கள் ஆகாயத்தாமரைக்கு நடுவே மஞ்சள் பூ தெரிகிறதா என்று பாருங்கள். சாக்கடை கலந்த நீரில் கிடைப்பது அரிது.

காசியானாவை வாங்க முடியுமா?

காட்டிலிருந்து எடுத்ததை வாங்குவதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் தாவரங்களுக்காகத் தனி அத்தியாயம் சேர்த்தபோது காப்புப் பட்டியலில் இடம்பெற்ற ஆறு இனங்களில் இது ஒன்று. 2022 திருத்தத்தில் அட்டவணையின் எண் மாறியதே தவிரப் பாதுகாப்பு நீடிக்கிறது. உரிமம் இல்லாமல் வளர்த்து விற்கவும் கூடாது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் இருக்கிறது. நெபந்தஸில் அந்தப் பட்டியலில் இருப்பவை இதுவும் மேலே சொன்ன ராஜாவும் மட்டுமே.

ஜைந்தியா மலையில் நிலக்கரிக்காகவும் சுண்ணாம்புக் கல்லுக்காகவும் தோண்டியதில் இதன் நிலம் சுருங்கியது. காடெரித்து உழவு செய்வதும், மருந்துக்கும் அழகுக்கும் பறிப்பதும் சேர்ந்தன. ஒரு மலைச்சரிவில் இருப்பவை அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து வந்து சேர நெடுங்காலம் ஆகும். கலப்பினச் செடியை மாதவரம், கொளத்தூர் பக்கத்து நர்சரிகளில் விசாரித்து வாங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்; திசு வளர்ப்பிலோ தண்டு நட்டோ வந்த செடி என்று தெளிவாகச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

இயற்கையில் வளர்வதை நேரில் பார்க்க?

குவஹாத்திக்கு ரயிலில் போய், அங்கிருந்து சாலை வழியாக ஷில்லாங், ஜோவாய் கடந்து ஜரைன் சேரலாம். பாக்மராவில் இந்தச் செடிக்கென்றே மிகச் சிறிய சரணாலயம் இருக்கிறது. மழைக்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் குடுவைகள் நிறைந்திருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு செல்லுங்கள். புதருக்குள் இறங்கி மிதிக்காமல் பாதையோரத்தில் நின்று பார்த்தாலே கீழ்க் குடுவை, மேல் குடுவை இரண்டும் கண்ணில் படும். நின்ற இடத்திலேயே குனிந்து மண்ணையும் ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.